நாள் குறித்துக் கட்டிய நகர்

கட்டடத் தொழிலில் இரு வகையான நாட்கணக்கு உண்டு. ஒன்று கட்டுவிப்போன் மனத்தில் இருப்பது. மற்றொன்று சூளைக்குள்ளும் சுண்ணாம்புத் தொட்டிக்குள்ளும் இருப்பது. முன்னது ஆசையிலும் தேவையிலும் பிறக்கிறது. பின்னதை மண்ணும் நெருப்பும் மழையும் கூடி வகுக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, “இன்ன நாளில் முடித்துத் தருவேன்” என்று வாக்குக் கொடுப்பவன் ஒப்பந்தக்காரன். அந்த வாக்குக்குத் தமிழ் வணிகர் பல பெயர் வைத்திருக்கின்றனர். தவணை என்பர், வாய்தா என்பர், கெடு என்பர். காலவரையறையைக் குறிக்கும் கெடு என்னும் சொல், கெட்டுப் போதலையும் குறிப்பது தற்செயலாக இருக்கலாம். கெடு தவறி, முன்பணம் கொடுத்தவர் வாசலில் நிற்கக் கண்ட கொத்தனாருக்கு அது தற்செயலாகத் தோன்றாது.

சிங்கப்பூரின் தொடக்க வரலாற்றைப் பொதுவாக ஆளுநர்களையும் உடன்படிக்கைகளையும் கொண்டே எழுதுவர். அந்நகரைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பியவர்களின் பக்கம் நின்று நோக்கினால், அதே வரலாறு கொடுத்த நாளுக்கும் முடிந்த நாளுக்கும் இடையே நிகழ்ந்த ஒரு நீண்ட வழக்காடலாகத் தெரிகிறது. அவ்வழக்கில் முதல் தமிழர் பெயர் நாராயண பிள்ளை.

1819ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ராபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தார். பிப்ரவரி 6ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு மே மாத இறுதியில் அவர் இரண்டாம் முறை வந்தபோது, ‘இந்தியானா’ என்னும் கப்பலில் அவருடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. முதலில் கருவூலத்தில் நாணயங்களின் தரம் பார்க்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அது நிலைக்கவில்லை. மலாக்காவிலிருந்து வேறொருவர் அப்பணிக்கு வந்து சேர்ந்தார். பினாங்குக்குத் திரும்பிவிடலாம் என்ற நிலையில், பிள்ளை சுற்றிலும் பார்த்தார். மக்கள் வந்து குவிகின்றனர், வீடுகள் வேண்டும், ஆனால் கட்டித்தர ஆளில்லை. பினாங்கிலிருந்த தம் நண்பர்களுக்குச் சொல்லியனுப்பிக் கொத்தர்களையும் தச்சர்களையும் வருவித்தார். தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை போட்டார். சிங்கப்பூரின் முதல் செங்கற்சூளை அதுவே என்றும், அதன் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் அவரே என்றும் கூறுவர்.

சூளைத் தொழிலின் இயல்பை அறிந்தால்தான் அவர் எடுத்துக்கொண்ட பொறுப்பின் கடுமை விளங்கும். மண்ணைத் தோண்டிப் புளிக்க வைத்து, மிதித்து, அச்சில் அறுத்து எடுக்கும் பச்சைக்கல் உடனே நெருப்புக்கு ஆகாது. நிழலில் உலர வேண்டும். ஈரம் மிச்சமிருக்கச் சூளையில் அடுக்கினால் கல் வெடிக்கும். ஒரு கல் வெடித்தால் அருகிலுள்ளவையும் சாயும். நன்கு உலர்ந்த கல்லை அடுக்கித் தீ மூட்டிய பிறகும், பகலும் இரவும் பல நாள் எரிக்க வேண்டும். எரித்தபின் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் சூடான கல் காற்றுப்பட்டு விள்ளும். தமிழ்நாட்டில் இவ்வேலையைக் கோடையில் வைத்துக்கொள்வர். சிங்கப்பூரிலோ கோடை என்று தனியே ஒரு பருவம் இல்லை. ஆண்டு முழுதும் மழை பெய்யும். நவம்பர் முதல் ஜனவரி வரை அது மேலும் வலுக்கும். தஞ்சையிலோ நாகையிலோ தொழில் பழகிய ஒருவன் தன் ஊர்க் கணக்கில் நாள் சொன்னால், அந்தக் கணக்கு இந்தத் தீவில் பொய்த்துவிடும். புதிய ஊரில் தொழில் தொடங்குவோன் முதலில் கற்க வேண்டியது அவ்வூர் மழையின் கணக்கையே.

சூளையோடு பிள்ளை நின்றுவிடவில்லை. கிராஸ் ஸ்திரீட்டில் பருத்தித் துணிக் கடையொன்று திறந்தார். அது அந்நாளில் ஊரிலேயே பெரிய துணிக்கடையாக விளங்கியது. சரக்கு ஆங்கில வணிகர்களிடம் கடனாக வாங்கியது. 1822இல் கடை தீக்கிரையாயிற்று. சரக்கு எரிந்தது, கடன் எரியவில்லை. துணியை விற்று இன்ன காலத்தில் பணம் தருவதாக ஒப்புக்கொண்டவருக்கு, விற்பதற்குத் துணியே இல்லாமற் போயிற்று.

இத்தகைய வேளையில் வணிகர்க்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. துறைமுக ஊர் அது. இரவோடிரவாக ஒரு தோணி ஏறினால் மலாக்காவோ பினாங்கோ போய்ச் சேரலாம். கடன்பட்டு மறைந்தோர் கதைகள் எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு. பிள்ளை மற்ற வழியை எடுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் ராபிள்ஸ் திரும்பி வந்தபோது, நேரில் சென்று தம் நிலையைச் சொல்லி உதவி கேட்டார். அவருக்கு வணிகச் சதுக்கத்தில் நிலம் கிடைத்தது. பின்னாளில் ராபிள்ஸ் பிளேஸ் என்று பெயர் பெற்ற இடம் அது. அங்கே மீண்டும் தொழில் தொடங்கி நெருக்கடியிலிருந்து மீண்டார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மக்களுக்குத் தலைவராகவும், அவர்களிடையே எழும் வழக்குகளைத் தீர்ப்பவராகவும் அரசு அவரை ஏற்றது. ஒருமுறை தவணை தவறியவரிடம் ஊரார் வழக்குகளைக் கொண்டுபோனது கருதத்தக்கது. அவர் மறைக்கவில்லை, ஓடவில்லை என்பதை ஊர் கண்டிருந்தது. தவறிய நாளைவிட அதுவே நினைவில் நின்றிருக்க வேண்டும்.

அவர் தம் மக்களுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றும் உண்டு, அது கோயில். அதன் கால வரலாறு இன்னும் நீண்டது. தெலுக் ஆயரில் முதலில் ஓரிடம் ஒதுக்கப்பட்டது. வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் அங்கே இல்லை. 1821இல் ரெசிடென்ட் பார்க்குவார், ஸ்டாம்போர்டு கால்வாய் அருகே வேறோரிடத்தைக் கொள்ள இசைந்தார். 1822இல் நகருக்கென வரையப்பட்ட திட்டத்தில் அவ்விடம் வேறு பயனுக்குப் போயிற்று. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் கிடைத்தது. 1827இல் கோயில் எழுந்தது. பிள்ளை வந்திறங்கிய நாளிலிருந்து எட்டு ஆண்டுகள்!

அந்த முதற்கோயில் மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டியதாகும். ஊருக்கெல்லாம் செங்கல் அறுத்தவர் தம் தெய்வத்துக்கு ஓலைக் கூரை வேய்ந்தார் என்பது முதலில் வியப்பாகத் தோன்றும். தொழில் அறிந்தவர்க்கு வியப்பில்லை. மூன்று இடம் மாறி, எட்டு ஆண்டு காத்திருந்த மக்களிடம், “கல் கட்டடம் முடியும்வரை இன்னும் பொறுங்கள்” என்று சொல்வதைவிட, கும்பிட ஓர் இடத்தை முதலில் திறந்துவிடுவதே முறை. முழுமையை நாளைக்கு ஒத்திவைத்து, இன்றியமையாததை இன்றே கொடுப்பது பழைய ஒப்பந்தக்காரர்களின் வழக்கம். வீட்டுக்காரன் குடிபுகும் அளவுக்கு ஓர் அறையை முடித்துக் கொடுத்துவிட்டு மற்றதைப் பின்னர்க் கட்டுவர். இன்று அங்குள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் மிகப் பழைய கற்கட்டுப் பகுதி 1843ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓலைக்கும் கல்லுக்கும் இடையே 16 ஆண்டுகள்.

அந்தக் கற்கட்டைக் கட்டியவர்கள் பழைய கைதிகள் என்ற செய்தி, கதையை வேறொரு திசைக்குத் திருப்புகிறது.

1825ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பெங்கூலனிலிருந்து முதற் கைதிக் கூட்டம் சிங்கப்பூர் வந்தது. எண்பது பேர், எல்லாரும் சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். ஒரு வாரத்தில் வங்காளத்திலிருந்து கடத்தப்பட்ட 122 பேர் வந்து சேர்ந்தனர். அடுத்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், 1873இல் கைதிகள் நிலையம் மூடப்படும்வரை, சாலை போடுவதும் சதுப்பைத் தூர்ப்பதும் கல்லுடைப்பதும் கட்டடம் எழுப்புவதும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தன. பிராஸ் பாசாவிலிருந்த சிறைக்குள்ளேயே கொத்து வேலையும் தச்சு வேலையும் கொல்லு வேலையும் கற்பித்தனர். கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்து, நன்னடத்தையைக் கொண்டு மேல்வகுப்புக்கு ஏற்றினர். முதல் வகுப்பை எட்டியவனுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கும். அவன் வெளியில் தங்கிப் பிழைக்கலாம்.

ஒப்பந்தக்காரனுக்கும் இந்தக் கைதிக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஒப்பந்தக்காரன் நாள் சொல்லலாம். மழையைக் காட்டி நாள் கேட்கலாம். நெருக்கினால் வேலையை விட்டுவிடவும் செய்யலாம். கைதியிடம் யாரும் நாள் கேட்டதில்லை. அவன் எண்ணியது தன் தண்டனை ஆண்டுகளை. கட்டடம் விரைந்து முடிந்தால் அவனுக்கு ஆதாயமில்லை. தாமதித்தால் கூலி குறைவதுமில்லை. இத்தகையோரின் கையிலிருந்து நேர்த்தியான வேலை பிறக்காது என்றே எதிர்பார்க்கத் தோன்றும். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கி நிற்கிறது.

அவ்விடத்தில் முன்பு இருந்த தேவாலயம் கோல்மன் வரைந்தது. 1830களின் நடுவில் கட்டி முடித்தது. அதற்குக் கோபுரம் இல்லையே என்ற குறை எழுந்தது. 1842இல் தாம்சன் வரைந்த கூர்கோபுரம் சேர்ந்தது. அக்கோபுரத்துக்கு இடிதாங்கி இல்லை. 1845இலும் 1849இலும் மின்னல் தாக்கியது. 1852இல் கட்டடம் மூடப்பட்டது, 1855இல் இடிக்கப்பட்டது. கண்ணுக்கு நிறைவாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னவர்களும், அதனைச் சேர்த்துக் கொடுத்தவர்களும் இருபது ஆண்டு நிற்காத கட்டடம் ஒன்றைப் பெற்றனர். வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு மறுப்புச் சொல்லாத ஒப்பந்தம் எல்லாருக்கும் நட்டம் தரும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று அந்நகரில் அரிது.

புதிய தேவாலயத்துக்கு 1856ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் அடிக்கல் நாட்டினார். வரைபடம் மாக்ஃபெர்சனுடையது; வேலையாட்கள் இந்தியக் கைதிகள். முதற் திட்டத்தில் கனத்த கோபுரம் ஒன்று இருந்தது. கட்டி வரும்போது அடித்தளம் இறங்குவதற்கான அறிகுறி தென்பட்டது. இம்முறை பழைய பிழையை அவர்கள் மீண்டும் செய்யவில்லை. கனத்த கோபுரத்தைக் கைவிட்டு இலேசான கூர்கோபுரத்துக்கு மாறினர். 1861ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் முதல் வழிபாடு நடந்தது. 1862 ஜனவரி 25ஆம் நாள் பிஷப் காட்டன் அதனைத் திருநிலைப்படுத்தினார். அடிக்கல்லிலிருந்து முதல் வழிபாடுவரை ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

சுவருக்குப் பூசியது ‘சென்னைச் சுண்ணம்’ எனப் பெயர் பெற்ற சாந்து. அவ்வேலைகளை மேற்பார்த்த மேஜர் மெக்னேர் 1899இல் வெளிவந்த தம் நூலில் அதன் செய்முறையைப் பதிந்திருக்கிறார். மணல் சேராத கிளிஞ்சற் சுண்ணாம்பு. அடித்துக் கலக்கிய முட்டை வெள்ளைக் கரு. கரும்புச் சர்க்கரை அல்லது வெல்லம். இவற்றை அரைத்துப் பசையாக்கி, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்ப்பது. பூசிய பின்பு உலர விட வேண்டும். உலர்ந்ததும் பளிங்குக் கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, மாக்கல் பொடி தூவ வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் முகம் பார்க்கலாம் என்பார்களே, அந்த மெருகின் உறவுக்காரச் சாந்து இது. அங்கே கடுக்காய் நீர் சேரும். இங்கே தேங்காய் மட்டை நீர் சேர்ந்தது.

இச்சாந்தில் அவசரத்துக்கு இடமே இல்லை. சுண்ணாம்பு நீறிப் புளிக்க ஒரு காலம். அரைக்க ஒரு காலம். பூசிய மேல் உலர ஒரு காலம். தேய்க்க ஒரு காலம். மேஸ்திரி அதட்டினாலும் ஆளுநரே வந்து நின்றாலும் சுண்ணாம்பு தன் நாளில்தான் இறுகும். கெடுவைச் சொல்ல உரிமையில்லாத கைதிக்கு, அந்த ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு துணை நின்றது எனலாம். அவனை விரட்டலாம், அதனை விரட்ட இயலாது.

அக்காலத்திலேயே, நாள் என்பது பருவத்தின் கையில் இருக்கிறது என்பதை வெளிப்படையாக ஏற்றுக் கட்டிய கட்டடம் ஒன்று கடல் நடுவில் எழுந்தது. பெட்ரா பிராங்காப் பாறைமேல் தாம்சன் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அது. 1850 மே 24ஆம் நாள் அடிக்கல். வடகிழக்குப் பருவக் காற்று எழுந்ததும் வேலை நின்றது. மறு ஆண்டு தொடர்ந்து, 1851இல் விளக்கு ஏற்றப்பட்டது. நிற்க வேண்டிய மாதங்கள் முதலிலேயே கணக்கில் இருந்தமையால், நின்றதைத் தாமதம் என்று எவரும் சொல்லவில்லை.

நகரின் செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் நாளடைவில் ஒரு நிலையான இருப்பிடம் அமைந்தது. அது சிராங்கூன் சாலை. இன்று லிட்டில் இந்தியா எனப்படும் வட்டாரம். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் தமிழர் அதனைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர் வழங்கியது. வெளியில் வாங்கும் செங்கல்லின் தரத்தையும் வரத்தையும் நம்பியிருக்க இயலாத அரசு, 1858இல் சிராங்கூன் சாலையில் தன் சொந்தச் செங்கற்சூளையைக் கைதிகளைக் கொண்டு நடத்தத் தொடங்கியது. 1867இல் ஆக்ரா பொருட்காட்சியில் அக்கல்லுக்குப் பதக்கம் கிடைத்தது. இன்று தேக்காவில் மல்லிகைப்பூ வாங்கிச் செல்வோர் கால்வைக்கும் மண்ணின் பழைய தொழில் இது.

பணத்துக்கும் ஒரு தவணை இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுவது தகும். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகளில் பெட்டியடியில் அமர்ந்து கடன் கொடுத்தனர். அவர்கள் ஏட்டில் தவணை என்பது வட்டியோடு பிணைந்த சொல். ஒரு நாள் கூடினால் ஒரு நாள் வட்டி கூடும். சூளை மழையில் நனைந்தாலும் அந்த வட்டி நனையாது. கட்டுவிப்போனின் கெடு ஒரு பக்கமும் கிட்டங்கியின் தவணை மறு பக்கமும் நெருக்க, நடுவில் நின்ற சிறு ஒப்பந்தக்காரர்களின் கணக்கேடுகள் இன்று நமக்குக் கிடைத்தால், பல வரலாற்று நூல்களைவிட அவை சுவையாக இருக்கும். அந்தக் கிட்டங்கிகள் 1970களில் நகர்ச் சீரமைப்பில் மறைந்தன.

கெடுவைச் சட்டமே நீட்டிக்க நேர்ந்த காலமும் வந்தது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், கோவிட் நோய்ப் பரவலைத் தடுக்கச் சிங்கப்பூர் அரசு பெரும்பாலான பணியிடங்களை மூடியது. பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. அப்பாரந்தூக்கிகளின் கீழ் உழைத்த தமிழ்நாட்டுத் தொழிலாளரும் வங்காளதேசத் தொழிலாளரும் தங்கும் விடுதிகளுக்குள் அடைபட்டனர். நோய் மிகுதியாகப் பரவியதும் அவ்விடுதிகளிலேதான். ஞாயிறுதோறும் அவர்கள் கூடும் சிராங்கூன் சாலை வெறிச்சோடிற்று. கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டத்தின் வழியாக, அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் செய்து, ஏப்ரல் 7இல் முடியாதிருந்த கட்டுமான ஒப்பந்தங்களுக்கெல்லாம் பொதுவாக 122 நாள் கால நீட்டிப்புக் கிடைத்தது. ஏப்ரல் 7 முதல் ஆகஸ்டு 6 வரையிலான நாட்கள் அவை.

சட்டம் ஒப்பந்தக்காரனைத் தண்டத் தொகையிலிருந்து காத்தது. வீட்டுக்குக் காத்திருந்த இளந்தம்பதியர் திருமணத்துக்குப் பின்னும் பெற்றோர் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. விடுதிக்குள் இருந்தவனுக்கோ வேறொரு தவணை ஓடிக்கொண்டிருந்தது: வேலை கிடைப்பதற்காக ஊரில் அவன் வாங்கியிருந்த கடன். அந்தக் கடனுக்கு 122 நாள் சேர்த்துக்கொடுத்த சட்டம் எங்கும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கைதி தண்டனை ஆண்டுகளை எண்ணியதைப் போல, இவன் கடன் மாதங்களை எண்ணினான். ஒப்புமை முழுதும் பொருந்தாதுதான். இவன் விரும்பி வந்தவன், கூலி பெறுபவன். ஆயினும் கட்டடம் எந்நாள் முடியும் என்று பேசும் மேசையில் இருவருக்கும் இருக்கை இருந்ததில்லை.

நீட்டிக்கவே இயலாத கெடு ஒன்று தமிழ்க் கட்டடத் தொழிலில் உண்டு. அது குடமுழுக்கு நாள். வீடு ஒரு மாதம் பின்தள்ளலாம், கடை ஒரு வாரம் பின்தள்ளலாம். முகூர்த்தத்தைப் பின்தள்ள எவரும் துணியார். அங்கே கணக்கு தலைகீழாக நடக்கும். நாளை முதலில் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, சுதை வேலைக்கு இத்தனை, வண்ணத்துக்கு இத்தனை, சாரம் பிரிக்க இத்தனை என்று வேலையைப் பகுப்பர். ஸ்தபதி தன் பங்குக்கு, ஈரச் சுதை உலரும் நாளைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அதற்குக் குறைவாக அவர் ஒப்ப மாட்டார். கட்டுவிப்போனும் கட்டுவோனும் தத்தம் நாட்கணக்கைத் தொடக்கத்திலேயே எதிரெதிரே வைத்துப் பேசித் தீர்க்கும் வழக்கம் அங்கேதான் முழு உருவில் எஞ்சியிருக்கிறது.

நாராயண பிள்ளை ஓலை வேய்ந்த இடத்தில் நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 2010இல் குடமுழுக்குக் கண்டது. அடுத்த திருப்பணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்தனர். கோபுரத்தைச் சுற்றிச் சாரம் எழுந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் செல்வோர் பல மாதம் அதன் பச்சைத் திரைகளையே கண்டனர். திரை விலகியபோது புதுப்பித்த சுதையுருவங்கள் வெயிலில் நின்றன. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் காலை, குறித்த வேளையில், கலசங்களின்மேல் நீர் வார்த்தனர்.